இருபத்தைந்து டச்

ஜூன் 3, செவ்வாய்

பாப்பாவை இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் இதழினி. வயது இரண்டு மாதம். எடை 3 கிலோ 600 கிராம். இதயத்தின் நடுச்சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐந்து கிலோ வந்ததும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர் ஷர்மிளா. அதுவரை நுரையீரலில் நீர் சேராமல் இருக்க நீர் பிரியும் மாத்திரை, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும்.

மாத்திரை 40 மில்லிகிராம். பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 4. "இவ்வளவு சின்ன அளவுல எங்க பார்மஸியில இல்ல சார், நாமதான் பண்ணிக்கணும்" என்று சொல்லி சிஸ்டர் ஜெயமேரி செய்து காட்டினார். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் மாத்திரையைப் போட்டு, பத்து மில்லி லிட்டர் தண்ணீரை இழுத்து, நன்றாக ஆட்டி, அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து வாயோரமாக விட வேண்டும். மிச்ச ஒன்பதைக் கொட்டிவிட வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு சாக்கடைக்கு.

டைரி என்றால் எழுதுகிறவன் யார் என்றும் எழுத வேண்டும் போலிருக்கிறது. லோகநாதன், வயது 43. கோயம்புத்தூர் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டச் கடை வைத்திருக்கிறேன். நகையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்று சோதித்துச் சீட்டு எழுதித் தருவது தொழில். தொண்ணூற்றிரண்டு டச் என்றால் நூறில் தொண்ணூற்றிரண்டு தங்கம், மிச்சம் செம்பு. இருபது வருடத்தில் நான் எழுதிய சீட்டைத் தப்பென்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

மருத்துவமனையில் ஒரு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். நேரம், அளவு, கையெழுத்து. மற்றதற்கு அதில் இடமில்லை. மற்றது இங்கே.

மற்றது: வீட்டுக்குள் நுழைந்ததும் ரேணுகாதேவி அழுதாள். என் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வந்த குழந்தை.

ஜூன் 4, புதன்

சிஸ்டர் சொன்ன முறையில் இரண்டு வேளையும் கொடுத்தாயிற்று. எனக்குத் திருப்தி இல்லை. மாத்திரை கரையவில்லை, கலங்குகிறது. இரண்டும் வேறு. சிரிஞ்சை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தால் வெள்ளையெல்லாம் அடியில் படிந்துவிடுகிறது. மேலே எடுத்தால் தண்ணீர், அடியில் எடுத்தால் சுண்ணாம்பு. இதை 4 என்று எழுதி எப்படிக் கையெழுத்துப் போடுவது.

"ஆட்டுன கையோட எடுக்கோணும்னு அவங்க சொன்னாங்களேங்க" என்றாள் ரேணு.

ஆட்டுவது ஒரு அளவு அல்ல என்றேன்.

பாப்பா இன்று பதினோரு துணி நனைத்தாள். நான்தான் துவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

கடையிலிருந்து வைரக்கல் நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்தேன். ஒரு மில்லிகிராம் வரை காட்டும். கண்ணாடிக் கூண்டு உண்டு. அதையும் நம்பாமல் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினேன்.

பத்து மாத்திரையைக் கல்வத்தில் போட்டு மைபோல அரைத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தேன். மாத்திரை மேலேயே 40 என்று அச்சு இருக்கிறது. முத்திரை போட்ட பொருளை நான் மறுபடி எடை பார்ப்பதில்லை. பத்து மாத்திரைக்கு நானூறு மில்லிகிராம், நாலு நாலாக நூறு வேளை. இப்போதைக்குப் பதினான்கு பொட்டலம் மடித்து வைத்தேன். ஒன்று மட்டும் 5 காட்டியது. பிரித்து மறுபடி நிறுத்தேன்.

ஒரு கடுகளவுதான் வருகிறது. பாலாடையில் தாய்ப்பால் நாலு சொட்டு விட்டுக் குழைத்துக் கொடுத்தோம். ஒரு துளி வீணாகவில்லை. சார்ட்டில் 4 மி.கி. என்று எழுதிக் கையெழுத்திட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

அடுத்த வாரத்துக்கான பொட்டலங்கள் கட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பாப்பா பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்று ரேணு சொன்னாள். மின்விசிறி ஓடாத அறையில் யாருக்கு வியர்க்காது. எனக்கே சட்டை நனைந்துவிட்டது. இனி பொட்டலம் கட்டும்போது இருவரும் மாடிப்படி பக்கம் காற்றாட உட்காரட்டும் என்று ஏற்பாடு.

துணி இன்று ஐந்துதான். துவைக்கிற வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

பாப்பாவைக் கடைக்குத் தூக்கிச் சென்றோம். கொலுசு, குத்துவிளக்கு நிறுக்கும் வெள்ளித் தராசு பத்து கிலோ தாங்கும். துண்டை விரித்து, துண்டின் எடையைக் கழித்து, படுக்க வைத்தேன். ரேணுவுக்குப் பிடிக்கவில்லை. "புள்ளய வெள்ளிச் சாமான் மாதிரி..." என்று ஆரம்பித்தவள், எண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

3 கிலோ 780. ஏழு நாளில் நூற்றி எண்பது கிராம். இந்தக் கணக்கில் போனால் ஜூலை கடைசியில் ஐந்து கிலோ. பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

ஜூன் 11, புதன்

காலை 4 மி.கி. மாலை 4 மி.கி. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

ரேணு சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறாள். முதலில் கத்தரிக்காய், பிறகு தேங்காய், புளி. நேற்றிலிருந்து மாம்பழம். அவளுடைய பெரியம்மா பொள்ளாச்சியிலிருந்து தினமும் போன் செய்கிறார். தாய்ப்பால் சூடாக இருந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும் என்பது அவர் கட்சி.

"பாலுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"பின்ன ஏனுங்க அவளுக்கு இப்படி இருக்குது? மருந்து நீங்க கொடுக்கறதுல கொறை இருக்காது. மிச்சம் எம்பாலுதானே" என்றாள்.

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கிலோ மாம்பழம் வாங்கி வைத்திருந்தேன். நான் ஒருவனே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பொட்டலம் கட்டும் நாள். இருபத்தெட்டு பொட்டலம் போன பிறகும் குப்பி குறைந்த மாதிரியே தெரியவில்லை. கால் பங்குக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். கல்வத்திலும் தாளிலும் ஒட்டியதை மயிலிறகால் தட்டி எடுக்கிறேன், அதனால் சேதாரம் என்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் இதையே செய்தால் எவ்வளவு மாத்திரை மிச்சமாகும்.

பாப்பாவால் மூச்சு விடாமல் பால் குடிக்க முடியவில்லை. நாலு வாய் குடிக்கிறாள், நிறுத்துகிறாள், இளைக்கிறாள், மறுபடி நாலு வாய். அழுகைச் சத்தம் சின்னதாகிவிட்டது. பக்கத்து வீட்டில் சமர்த்துக் குழந்தை என்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

செக்கப்.

பாப்பா 4 கிலோ 60 கிராம். நான் சந்தோஷப்பட்டது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. டாக்டர் பாப்பாவின் பாதத்தை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இமைகளைப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எடை கூடியிருக்கறது நெஜம்தான். ஆனா அது குழந்தையோட எடை இல்ல. தண்ணி" என்றார். "மருந்து கரெக்டா போகுதா?"

"ஒரு மில்லி முன்னப்பின்ன ஆகாதுங்க டாக்டர்."

சார்ட்டை நீட்டினேன். ஒரு வேளை விடுபடவில்லை, ஓர் அடித்தல் இல்லை. அவர் அதைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா எழுதற அப்பாவ நான் பாத்ததில்ல" என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களிடமும் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அளவை 4-இலிருந்து 6 ஆக உயர்த்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். இதற்கும் கேட்காவிட்டால், ஐந்து கிலோ வரும்வரை காத்திருக்க முடியாதாம்.

ரேணுவும் அங்கேயே எடை பார்த்தாள். 52. போன மாதம் 56. இளைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18, புதன்

பழைய பொட்டலங்களைப் பிரித்து ஆறு ஆறாக மறுபடி கட்டினேன்.

ரேணு வந்து நின்றாள். "ஏனுங்க, ரெண்டு நாளைக்கு சிஸ்டர் சொன்ன மாதிரி தண்ணியில கலக்கிக் கொடுத்துப் பாக்கலாங்களா?"

தண்ணீரில் கலக்கினால் அடியில் படிவது, மேலுக்கும் கீழுக்கும் அளவு மாறுவது எல்லாவற்றையும் விளக்கினேன். இருபது நிமிடம் ஆயிற்று. முடித்தபோது அவள் அறையில் இல்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தாள். படுக்க வைத்தால் பாப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது.

ஜூன் 20, வெள்ளி

மருந்து கேட்கவில்லை. 4 கிலோ 150. எல்லாம் தண்ணீர்.

திங்கட்கிழமை அட்மிஷன், வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "தண்ணிய எடுத்துட்டுப் பாத்தா இவ மூணே முக்கால் கிலோதான் இருப்பா. இந்த எடையில நெஞ்சத் தெறக்கறது எனக்கு விருப்பமில்ல. ஆனா மருந்து வேலை செய்யாதப்ப எனக்கு வேற வழியில்ல. ஆபத்து இருக்கு. மறைக்க மாட்டேன்."

எவ்வளவு ஆபத்து என்று கேட்டேன். எண்ணாகச் சொன்னார். அதை இங்கே எழுத விரும்பவில்லை. நான் எழுத விரும்பாத முதல் எண் அது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 21, சனி

கடைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் ஒரு ஜோடி வளையலைச் சோதிக்கக் கொண்டுவந்தார். எடை இருபத்துநாலு கிராம். சோதித்துப் பார்த்து, தங்கம் இருபத்திரண்டு கிராம் என்று சீட்டு எழுதினேன். அவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

"இப்பத்தானுங்க எங்கண்ணு முன்னால நிறுத்தீங்க, இருபத்துநாலுன்னு. அதுக்குள்ள ரெண்டு கிராம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்கம்மா. எடை வேற, டச் வேற. வளையலோட எடை இருபத்துநாலு. அதுக்குள்ள இருக்கற தங்கம் இருபத்திரண்டு. மிச்சம் செம்பு. செம்பு சேக்காம வெறுந்தங்கத்துல வளையல் பண்ணுனா கையில நிக்காது, நெளிஞ்சு போயிரும்."

ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிற வசனம். மனப்பாடம். அந்த அம்மாள் சமாதானமாகவில்லை. "அப்ப எல்லாப் பொருளுலயும் இப்படி வேற எதையோ சேத்துத்தான் வெச்சிருப்பாங்களாக்கும்?" என்று கேட்டார்.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். வளையலைக் கொடுத்தேனா, அவரே எடுத்துக்கொண்டாரா என்று நினைவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்ட்ரிப்பில் மிச்சமிருந்த மாத்திரைகளில் ஒன்றை எடுத்து அப்படியே தராசில் வைத்தேன். 160. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 160. வேறொரு மாத்திரை. 161.

மாலை ஆறு மணிக்கு, 6 மி.கி. என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சீட்டு எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். பொருள்: மாத்திரை. எடை: 160 மில்லிகிராம். அதில் உள்ள மருந்து: 40. மிச்சம் மாவு, சுண்ணாம்பு, மாத்திரை உதிராமல் நிற்க என்னவெல்லாம் சேர்ப்பார்களோ அதெல்லாம். டச்: 25. பரிசோதித்தவர்: லோகநாதன்.

நான் நிறுத்தது மாத்திரையை. மருந்தை அல்ல. நாலு கொடுப்பதாக நினைத்து ஒன்று கொடுத்திருக்கிறேன். ஆறு என்று நினைத்து ஒன்றரை. ஐந்தாம் தேதியிலிருந்து இன்று வரை பதினெட்டு நாள், ஒரு வேளை விடாமல். சிஸ்டர் முறையில் கொடுத்த நாலாம் தேதி மட்டும்தான் பாப்பாவுக்கு மருந்து சரியாகப் போயிருக்கிறது. அன்று பதினோரு துணி.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லி நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள் தவிர யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்றும் தோன்றியது, தோன்றவில்லை என்று பொய் எழுத மாட்டேன். தண்ணீரில் கலக்கி ஆறு கொடுக்கலாம். ஆனால் அந்த ஆறு, நாலு பலிக்கவில்லை என்று நம்பி டாக்டர் உயர்த்தியது. என் தப்புக்கு மேல் கட்டிய எண். நாலு கொடுக்கலாம். நாலா ஆறா என்று முடிவு செய்ய நான் யார். எந்த எண் சரி என்று சொல்லக்கூடியவருக்கு நடந்தது தெரியாது. நடந்தது தெரிந்தவனுக்கு எண் தெரியாது.

பொட்டலத்தில் இருந்ததையே கொடுத்தேன். ரேணு பாலாடையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கு, ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டில் சிஸ்டர் ஜெயமேரி இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சிஸ்டர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருங்க. மாத்திரையத் தண்ணியில கலக்காம, அரைச்சு, தராசுல நிறுத்து அவங்க குழந்தைக்குக் கொடுத்திருக்காரு. நாலு மில்லிகிராம் சொன்னா, பொடிய நாலு மில்லிகிராம் நிறுத்து."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "பொடியவா?"

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

"பதினெட்டு நாளுங்க."

"அந்த ஒருத்தரோட குழந்தைக்குப் பேரு இதழினியா சார்?"

தலையாட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து டாக்டரை வீட்டிலிருந்து வரவழைத்தார்.

டாக்டர் ஷர்மிளா அரை மணியில் வந்தார். எடை 160, மருந்து 40 என்று மறுபடி முழுக்கச் சொன்னேன். இந்த முறை ஒருத்தர் என்று சொல்லவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க ஒரு மில்லி முன்னப்பின்ன ஆகாதுன்னு சொன்னீங்க."

"மில்லிகிராமைச் சொன்னேனுங்க."

"எனக்கு மில்லி லிட்டர்னு கேட்டுது. எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. எப்படி எடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்கன்னு நான் கேட்டிருக்கணும். சார்ட்டப் பாத்து ஏமாந்துட்டேன்." அப்புறம் சொன்னார்: "நீங்க வந்து சொல்லலேன்னா, வியாழக்கிழமை அந்தக் குழந்தைய டேபிள்ல படுக்க வெச்சிருப்பேன்."

இன்றே அட்மிஷன். ஆபரேஷன் தள்ளி வைத்திருக்கிறது. பழைய நாலு மில்லிகிராமிலிருந்தே தொடங்கி, இங்கேயே கொடுத்து, ரத்தத்தில் உப்புச் சத்தையெல்லாம் சோதித்துப் பார்த்துக்கொண்டு போவார்களாம்.

"ரேணுகாதேவிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னால் பக்குவமாக இருக்கும் என்றேன்.

"இதை நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

வார்டில் இருக்கிறோம். சிஸ்டர் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆட்டுகிறார், ஆட்டின கையோடு ஒரு மில்லி இழுக்கிறார், எடுத்த அளவை இன்னொரு சிஸ்டரிடம் காட்டுகிறார், அந்த சிஸ்டர் வாய்விட்டுப் படிக்கிறார், பிறகுதான் பாப்பாவின் வாய்க்குப் போகிறது. அடியில் படிய நேரமே இல்லை.

நேற்று மாலையிலிருந்து இன்று மாலை வரை பதினான்கு துணி.

ரேணுவிடம், டாக்டர் மருந்தை மாற்றிப் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

3 கிலோ 870. எடை குறைந்து நான் சந்தோஷப்படுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பாதத்தில் குழி விழவில்லை. படுக்க வைத்தால் படுக்கிறாள்.

ரேணுவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் டாக்டர்கள் வந்துவிட்டார்கள். மதியம் அவள் தூங்கினாள். மாலையில் பக்கத்துக் கட்டிலுக்கு விருந்தாளிகள்.

ஜூன் 25, புதன்

காலையில் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே ரேணு பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் குழந்தைக்கும் இதயத்தில்தான் ஏதோ.

"எங்கூட்டுக்காரரு மருந்த மில்லிகிராம் மில்லிகிராமா நிறுத்துக் கொடுத்தாருங்க. அவரு கையில தப்பு வராது. டாக்டரே மெச்சுனாங்க. அப்பவும் புள்ளைக்கு மூச்சு வாங்குச்சு. எம்பாலுதானுங்க ஆகல. இங்க வந்து மூணு நாளா வெறும் ரசஞ்சோறுதான் திங்கறேன், அதுலதான் கொஞ்சம் தேறியிருக்கறா. இனி எம்பாலே வேண்டாம், டப்பாப் பாலுக்கு மாத்திரலாங்களான்னு சிஸ்டரக் கேக்கோணும்."

நான் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு திரைக்கு வெளியே நின்றேன். பதினெட்டு நாள் பாப்பாவுக்கு மருந்து போகவில்லை என்று மட்டும்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தப் பக்கக் கணக்கு என் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது.

பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து போன பிறகு உள்ளே போனேன். பாப்பா பால் குடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையின் எடை 160, அதில் மருந்து 40, மிச்சம் மாவு என்று ஆரம்பித்தேன். ரேணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு இப்போது இதெல்லாம் என்கிற மாதிரி பார்த்தாள்.

"நாலு கொடுக்க வேண்டிய எடத்துல நான் ஒண்ணுதான் கொடுத்திருக்கேன். அஞ்சாம் தேதியில இருந்து. பாப்பாவுக்கு மூச்சு வாங்குனது அதனால. வீங்குனதும் அதனால. தப்பு என்னுது, ரேணு. வேற ஒருத்தரோடதும் இல்ல."

பாப்பா விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தாள். ரேணு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப எம்பாலுல ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"நான் மாம்பழம் தின்னதுனால இல்லீங்களா?"

"இல்ல."

"மாசமா இருக்கறப்ப, நடக்கக் கூடாதுன்னு சொல்லியும் மாடிப்படி ஏறுனனே. அதுனால?"

அதையும் அவள் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. "இல்ல" என்றேன். "எதுவுமே உன்னால இல்ல."

பாப்பாவின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பாப்பா குடித்து முடித்துத் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் ரேணு தலையைத் தூக்கி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கால் மணி நேரம் திட்டினாள். அதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.